எதை விற்கப்போகிறார் உங்கள் முகவர்?

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது தாராவித் தம்பி ஒருவர் போன் செய்தார். "அக்கா, என் நாவலுக்கு ஏஜென்ட் கிடைச்சிட்டார். இங்கிலீஷ்ல வரப்போகுதாம். படிச்சுப் பார்க்க எட்டாயிரம் கேக்குறாங்க, கட்டிடவா?"

கட்டாதீர்கள் என்றேன். அவர் அனுப்பிய ஒப்பந்தத்தைப் படித்ததும் எட்டாயிரம் சின்ன விஷயமாகிவிட்டது. 'எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக' உரிமையை எழுதிக்கொடுப்பதாக அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முகவர் எப்போது தேவை?

இலக்கிய முகவர் எழுத்தாளரின் சார்பில் பதிப்பாளரிடம் பேசி, ஒப்பந்தம் முடித்து, வரும் பணத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்பவர். உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதம், வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கு 20 சதவீதம் என்பது உலகெங்கும் பரவலான வழக்கம். உங்களுக்கு வருமானம் வந்த பிறகுதான் அவருக்கு வருமானம்.

தமிழ்ப் பதிப்பகங்களுக்கு நாமே நேரடியாக எழுதலாம். ஆங்கிலம், பிற மொழிகள், திரைப்படம் என்று படைப்பு எல்லை தாண்டும்போதுதான் முகவரின் துணை வேண்டியிருக்கிறது. தில்லியில் ரைட்டர்ஸ் சைடு, ஜெய்ப்பூரில் சியாஹி போன்ற முகமைகள் இயங்குகின்றன. தமிழ்நாடு அரசு 2023 முதல் நடத்தும் சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சியின் நோக்கமே மொழிபெயர்ப்பு உரிமைப் பரிமாற்றம்தான்.

அவரைக் கவர்வது எது?

எழுதி முடித்துத் திருத்திய படைப்பு முதலில் வேண்டும். அதோடு ஒரு பக்கக் கதைச்சுருக்கம், ஆங்கிலத்தில் நல்ல மாதிரி அத்தியாயம், இதுவரை எந்த இதழ்களில் எழுதினீர்கள் என்ற குறிப்பு. மொழிபெயர்ப்பில் அதைச் செய்தவருக்கும் உரிமை உண்டு. அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே அனுப்புங்கள். எந்த முகவர் எந்த வகை நூல்களை எடுக்கிறார் என்று பார்த்து எழுதுங்கள்.

இவ்வளவும் இருந்தாலும் நல்ல முகவர் கேட்கும் ஒரு கேள்விக்கு உங்களிடம் பதில் வேண்டும்: இந்த நூலின் எந்தெந்த உரிமைகள் உங்களிடம் இருக்கின்றன? தமிழ்ப் பதிப்பாளருக்கே எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்திருந்தால் முகவர் விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ஒரே படைப்பின் உரிமைகள் பல கூறாகப் பிரியும் என்பதற்குப் பாரதியைவிட நமக்கு நெருக்கமான சான்று இல்லை. அவர் 1921இல் மறைந்தார். பின்னர் நூல் உரிமை தம்பி விசுவநாத ஐயரிடமும், பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடமும் இருந்தன. 1949இல் சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளைத் தன்வசமாக்கியது.

சட்டம் தரும் காப்பு

பதிப்புரிமைச் சட்டம், 1957 நம் பக்கம் உறுதியாகவே நிற்கிறது. எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை, செய்தால் சான்றாக உதவும். உங்கள் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும்.

உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்த நூல், எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்; இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, காலாவதியாகிவிடும். 'நிரந்தரமாக' போன்ற சொற்களை நுழைப்பது இந்தக் காப்புகளைத் தாண்டத்தான்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன்படி முகவர் நீங்கள் கேட்டபோது கணக்குக் காட்டவும், உங்கள் சார்பில் பெற்ற பணத்தை உரிய கழிவு போகத் தரவும் கடமைப்பட்டவர்.

எச்சரிக்கை மணிகள்

வாசிப்புக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்டால் விலகுங்கள். ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு விலை சொன்னாலும் அப்படியே. இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே வழங்குகிறது. முகவருக்குத் தேவை விற்றுத்தரும் அதிகாரம் மட்டுமே. பதிப்புரிமையையே தன் பெயருக்கு மாற்றக் கேட்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

அறிந்த பெயரிலிருந்து மின்னஞ்சல் வந்தாலும் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 2022 ஜனவரியில் நியூயார்க்கில் கைதான பிலிப்போ பெர்னார்டினி, முகவர்களையும் பதிப்பாசிரியர்களையும் போல் நடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளைக் கைப்பற்றியவர். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப்போட்டு முகவரி அமைத்தது அவருடைய உத்திகளில் ஒன்று.

ஏமாந்துவிட்டால்

* இணையவழியில் பணம் போயிருந்தால் உடனே 1930ஐ அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை மீட்பது கடினம்.
* கட்டணம் வாங்கிச் சேவை தராதவர்மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். உதவி எண் 1915. குடியிருக்கும் இடத்திலேயே புகார் தரலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை.
* படைப்பைத் திருடி வெளியிட்டால், நீங்கள் வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். தெரிந்தே திருடியவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.
* வக்கீலுக்குக் காசில்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். எண் 15100.

குறுஞ்செய்தி, ரசீது, மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள். அவைதான் சாட்சி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கிங்ஸ் சர்க்கிளுக்கு வரச்சொன்னேன். ஒரு நோட்டில் வரிசையாக எழுதினார்: தமிழ் அச்சு, மின்னூல், ஒலிநூல், ஆங்கிலம், இந்தி, மராத்தி, திரைப்படம். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'என்னிடம்' என்று எழுதிக் கடைசியில் கையெழுத்திட்டார். இனி எந்த முகவர் வந்தாலும், அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறார்.