கடவுச்சீட்டு இரண்டு, குடும்பம் ஒன்று

கட்டுநாயக்க விமான நிலையத்தில் குடிவரவு மேசையை நெருங்கும்போது சில குடும்பங்கள் இரண்டு வரிசையாகப் பிரிகின்றன. பசறைத் தோட்டத்தில் பிறந்த கணவன் இலங்கைக் கடவுச்சீட்டோடு ஒரு பக்கம். கோத்தகிரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மனைவி, இந்தியக் கடவுச்சீட்டோடும் வதிவிட விசாவோடும் மறுபக்கம். அவன் ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடுவான். அவளிடம்தான் கேள்விகள்: எங்கே இருக்கிறீர்கள், எவ்வளவு காலமாக, கணவர் யார், அவர் இப்போது எங்கே?

பதுளை, ஹாலிஎல, அப்புத்தளை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் இப்படிப்பட்ட திருமணங்கள் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை என்று ஒரே லயத்துக்குள் குடும்பங்கள் பிளந்தன. இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தவர்கள், பிறந்த தோட்டத்திலேயே வெளிநாட்டவர்களாகி, வதிவிட அனுமதியோடு தலைமன்னார்க் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். 1984இல் அந்தக் கப்பல் நின்றபோது, போக முடியாமல் தங்கிவிட்டவர்கள் ஏராளம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான் அவர்களும் பிரகடனம் ஒன்றைக் கொடுத்து இலங்கைப் பிரஜையாக வழி திறந்தது. இந்தியா போய் நீலகிரியில் குடியேறியவர்களோடு கொள்வினை கொடுப்பினை இன்றும் தொடர்கிறது. ஆகவே, கடதாசி காட்டச் சொன்னதும் நம் சனங்களுக்கு நெஞ்சு படபடப்பது கோழைத்தனம் அல்ல. மூன்று தலைமுறை அனுபவம் அது.

ஆனால் அந்தப் பயத்தில் உளறிவிடுவதும், கேட்காமலேயே கையெழுத்து வைப்பதும்தான் கேடு. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

இலங்கைப் பிரஜை நாட்டுக்குத் திரும்பி வருவது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் உரிமை. வெளிநாட்டு வாழ்க்கைத் துணைக்கு அந்த உரிமை இல்லை. வதிவிட விசா என்பது அரசு தரும் அனுமதி. அதற்குக் காலக்கெடு உண்டு, நிபந்தனை உண்டு. 1948ஆம் ஆண்டின் குடிவருவோர், குடியகல்வோர் சட்டத்தின்படி அதிகாரி கேள்வி கேட்கலாம், ஆவணம் கேட்கலாம். பொய் சொல்வதும் காலம் கடந்து தங்குவதும் குற்றங்கள். அதற்காக வெளிநாட்டவர் உரிமையே இல்லாதவர் ஆகிவிடமாட்டார். சித்திரவதைக்கும் இழிவான நடத்தைக்கும் எதிரான 11ஆம் உறுப்புரை, சமத்துவத்தைச் சொல்லும் 12(1), காரணம் சொல்லாமல் கைது செய்யக் கூடாது என்னும் 13(1) ஆகியவை பிரஜைகளுக்கு மட்டும் உரியவை அல்ல. எல்லா ஆட்களுக்கும் பொதுவானவை. மேசைக்கு முன்னால் நிற்கும் கோத்தகிரிப் பெண்ணுக்கும் அவை உண்டு.

மொழியும் அப்படித்தான். தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழி. விசாரணையைத் தமிழில் நடத்தும்படி கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை வாசித்து விளக்கும் முன் கையொப்பமிடாதீர்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நம் பகுதியில் பெரும்பாலும் சிக்கல் தொடங்குவது பெயரிலும் முகவரியிலும். விவாக அத்தாட்சிப் பத்திரத்தில் சிங்களத்தில் எழுதிய பெயர் ஒரு விதம், இந்தியக் கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்துகளில் வேறு விதம். ஒன்றில் மாரியாயி, இன்னொன்றில் மாரியம்மாள். கணவனின் அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் பின்னால். முகவரியோ இன்னும் மோசம்: மேல் பிரிவு, இத்தனையாம் லயம், அதற்குக் கீழே தோட்டத்தின் பெயர். வீட்டு இலக்கம் இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, யாரோ ஒருவர் கையில் வரும். விசா புதுப்பிப்புக்கான அறிவித்தலும் அதே வழியில் தாமதமாகலாம். இது குடும்பத்தின் தவறே அல்ல. ஆனாலும் மேசையில் பதில் சொல்ல வேண்டியவள் அந்தப் பெண்தான்.

ஆகவே பயணத்துக்கு முன்பே இதைச் சரிசெய்ய வேண்டும். பெயர் மாறியிருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் திருத்தம் கேளுங்கள். அதற்குக் காலம் பிடிக்கும் என்றால், இரண்டு பெயரும் ஒருவருக்கே உரியவை என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசியாவது முடித்துக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, விவாகப் பத்திரத்தின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு, கணவனின் அடையாள அட்டைப் பிரதி எல்லாம் பெட்டியில் அல்ல, கைப்பையில் இருக்கட்டும். விசா பழைய கடவுச்சீட்டில் இருந்தால் பழையதும் புதியதும் இரண்டும் வேண்டும். விசா முடியும் திகதியையும் அதே விசாவில் மீண்டும் உள்ளே வரலாமா என்பதையும் புறப்படும் முன் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பதுளையிலிருந்து இரவு பஸ் ஏறிப் போய் வருவது சிரமம்தான். திருப்பி அனுப்பப்படுவது அதைவிடப் பெரிய சிரமம்.

பிள்ளைகள் விடயத்தில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு தகப்பன் இலங்கையராக இருந்தால்தான் வம்சாவளிப் பிரஜாவுரிமை. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு தாய் இலங்கையராக இருந்தாலும் போதும். தாய்வீட்டுக்குப் போய்த் தமிழ்நாட்டில் பிரசவமானால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதியுங்கள். தவறினால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டிப் பின்னரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அலைச்சல் அதிகம். மனைவி இலங்கைப் பிரஜாவுரிமை பெற நினைத்தால் ஒன்றை யோசியுங்கள்: இந்தியா இரட்டைப் பிரஜாவுரிமையை ஏற்பதில்லை. இங்கே பிரஜையான நாளில் அங்கே பிரஜாவுரிமை போய்விடும்.

பிரான்ஸிலோ இத்தாலியிலோ உறவுகள் இருக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 பணிப்புரைப்படி, வேறோர் உறுப்பு நாட்டில் வாழும் ஒன்றியப் பிரஜையின் குடும்பத்தவருக்குக் கிடைக்கும் வதிவிட அட்டை, உறுப்பு நாடுகளுக்குள் நுழைய விசா தேவையை நீக்குகிறது. ஆனால் அந்தப் பிரஜையோடு சேர்ந்து போகும்போது, அல்லது அவரிடம் போய்ச் சேரும்போதுதான் அந்தச் சலுகை. தேவையான பயணப் பத்திரமோ விசாவோ கையில் இல்லாவிட்டாலும், திருப்பி அனுப்பும் முன் அதைப் பெறவோ வரவழைக்கவோ நியாயமான அவகாசம் தரவேண்டும் என்று அந்தப் பணிப்புரையின் 5ஆம் உறுப்புரை கட்டாயப்படுத்துகிறது. அந்த அவகாசத்தை வாய் திறந்து கேட்க வேண்டும்.

இங்கே கட்டுநாயக்கவில் அநீதி நடந்தால் நாள் எண்ணத் தொடங்கிவிடுங்கள். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திகதி, நேரம், மேசை இலக்கம் குறித்துக்கொள்ளுங்கள். அடிப்படை உரிமை மீறல் மனுவை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மனைவி திருப்பி அனுப்பப்பட்டிருந்தாலும் அவர் சார்பில் சட்டத்தரணி தாக்கல் செய்யலாம். கொழும்புக்குப் போக வசதியில்லாதவர்கள் பதுளையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தை நாடலாம், தொலைபேசியில் 1996. அந்த ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கெடுவில் கணக்கிடப்படாது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்ததைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. எனவே முறையிட்ட கையோடு சட்ட உதவி ஆணைக்குழுவின் பதுளை நிலையத்திலும் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை.