பனிக்காலத் திருப்பயணம்



வேளாங்கண்ணி அன்னையின் திருவிழாவுக்கு நம் மக்கள் ஆண்டுதோறும் நடந்தே செல்வதைக் காண்கிறோம். வெயிலும் மழையும் காலில் கொப்புளங்களும் நமக்குத் தெரிந்த துன்பங்கள். ஆனால், முழங்கால் அளவுப் பனியில் நடந்து செல்லும் திருப்பயணம் ஒன்றும் உண்டு. ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ தே கொம்போஸ்தேலா நகருக்குக் குளிர்காலத்தில் செல்லும் பயணமே அது. நாம் சந்தியாகப்பர் என்று அழைக்கும் திருத்தூதர் யாக்கோபின் கல்லறை அங்கே இருப்பதாகத் திருச்சபையின் மரபு கூறுகிறது. 'சந்தியாகு' என்று நம் பிள்ளைகளுக்கு இடும் பெயரும் அந்த நகரின் பெயரும் ஒன்றே.

திருத்தூதர்களுள் முதலில் மறைசாட்சியாக இறந்தவர் இவர். இவரது கல்லறை 9-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அன்றுமுதல் ஐரோப்பா எங்கிருந்தும் மக்கள் அங்கு நடந்து வருகிறார்கள். பலரும் தேர்ந்துகொள்வது 'பிரெஞ்சு வழி' என்னும் பாதை. பிரான்சு எல்லையிலுள்ள சேன் ழான் பியே தெ போர் என்ற சிற்றூரில் தொடங்கும் இது, ஏறக்குறைய 780 கி.மீ. நீளமுடையது. நடந்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேலாகும். 2024-ஆம் ஆண்டில் எல்லா வழிகளிலுமாக ஏறக்குறைய 4,99,000 பேர் பயணத்தை முடித்துச் சான்றிதழ் பெற்றனர். அவர்களுள் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வந்தவர்கள் மிகச் சிலரே.

முதல் நாளே சோதனை

பயணத்தின் முதல் நாளிலேயே பிரனீஸ் மலையைக் கடக்க வேண்டும். ஏறக்குறைய 1,430 மீட்டர் உயரம்வரை ஏறிச் செல்லும் மலைவழி, நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடப்படுகிறது. மூடுபனியில் வழி தெரியாது. பனிப்புயல் திடீரென வரும். எச்சரிக்கையை மீறிச் சென்று உயிரிழந்தவர்களும் உண்டு. எனவே குளிர்காலத்தில் வால்கார்லோஸ் என்ற ஊர் வழியாகப் பள்ளத்தாக்கைப் பின்பற்றிச் செல்லும் பாதையில்தான் நடக்க வேண்டும். இரண்டு வழிகளும் ரொன்செஸ்வாயெஸ் என்ற பழைமையான திருப்பயணியர் இல்லத்தில் வந்து சேர்கின்றன. முற்காலத்தில் அருகிலுள்ள இபான்யேத்தா கணவாயில், பனியில் வழி தவறியவர்களுக்காக ஆலய மணியை அடித்துக்கொண்டே இருப்பார்களாம்.

அதன்பின்னும் துன்பங்கள் குறைவதில்லை. பகல் வெளிச்சம் 9 மணி நேரமே. விடுதிகளில் பல பூட்டியிருக்கும். ஆகவே ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவது என்று முன்னதாகவே கேட்டு வைக்க வேண்டும். நனைந்த துணி உலராது. புர்கோஸ் நகருக்கும் லெயோன் நகருக்கும் இடையே உள்ள சமவெளியில் ஒதுங்க மரநிழல்கூடக் கிடைக்காத இடங்களில் குளிர்காற்று வீசும்.

திரும்பி வருவது தோல்வியா?

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒருவர் நேர்ச்சை செய்து, பணம் சேர்த்து, விடுப்பு எடுத்து வந்திருக்கிறார். 'மேலே போகாதீர்கள்' என்று உள்ளூர் மக்கள் சொல்கிறார்கள். அவர் என்ன செய்வார்? 'கடவுளுக்காகத்தானே போகிறேன், அவர் காப்பார்' என்று சொல்வது விசுவாசம்போலத் தோன்றும். ஆனால் அதனுள் நம் பிடிவாதம் ஒளிந்திருக்கலாம்.

திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். குளிர்காலம் நெருங்கும்போது கடற்பயணம் ஆபத்தானது என்று பவுல் எச்சரித்தார். நூற்றுவர் தலைவரோ அவருடைய சொல்லைவிடக் கப்பலோட்டியையும் கப்பல் உரிமையாளரையும் நம்பினார். கப்பல் உடைந்தது. கடவுளின் அருளால் உயிர்கள் தப்பின. எச்சரித்தவர் பயந்தவர் அல்லர். விசுவாசத்தில் நம் எல்லாரையும்விடப் பெரியவர். ஆகவே முன்மதி என்பது விசுவாசக் குறைவு அன்று. அதுவும் ஒரு நற்பண்பே.

பனியில் வந்த ஏழை

இதே பாதையில், ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில் ஓ செப்ரெய்ரோ என்ற மலைக்கிராமம் இருக்கிறது. ஏறக்குறைய 1300-ஆம் ஆண்டில் அங்கே நற்கருணைப் புதுமை ஒன்று நிகழ்ந்ததாக மரபு கூறுகிறது. கடும் பனிப்புயல் வீசிய ஒரு நாளில், கீழ் ஊரிலிருந்து ஏழை விவசாயி ஒருவர் திருப்பலிக்காக மலையேறி வந்தார். பலி நிறைவேற்றிய குருவோ விசுவாசம் குன்றியவர். கொஞ்சம் அப்பத்துக்கும் இரசத்துக்குமாகவா இவ்வளவு தூரம் வந்தான் என்று அவரை மனத்துக்குள் ஏளனம் செய்தார். அந்நேரமே அப்பம் சதையாகவும் இரசம் இரத்தமாகவும் மாறக் கண்டார். அந்தத் திருக்கிண்ணம் இன்றும் அக்கோவிலில் இருக்கிறது.

அந்த விவசாயியும் புயலில்தானே நடந்தார் என்று கேட்கத் தோன்றும். உண்மைதான். ஆனால் அவர் தம் துணிவைக் காட்ட வரவில்லை. தமக்குத் தெரிந்த வழியில், நற்கருணைப் பசியோடு வந்தார். அந்நிகழ்ச்சியில் கண்டிக்கப்படுவது, கூரைக்குக் கீழே நின்றுகொண்டு, நனைந்து வந்தவரை ஏளனம் செய்த உள்ளம்.

அதே ஊரின் பங்குத்தந்தையாக இருந்த அருள்தந்தை எலியாஸ் வலின்யா, 1980-களில் கையில் மஞ்சள் வண்ணத்தோடு புறப்பட்டு, வழிநெடுக அம்புக்குறிகளை வரைந்தார். 1989-இல் அவர் இறந்தார். இன்றும் அந்த மஞ்சள் அம்புகளைப் பார்த்தே இலட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். ஒரு குரு வந்தவரை ஏளனம் செய்தார். மற்றொரு குரு வரப்போகிறவர்களுக்கு வழி காட்டினார்.

அன்பார்ந்தவர்களே, நம் பங்கிலும் பனிக்காலப் பயணிகள் இருக்கிறார்கள். மூட்டுவலியோடு அதிகாலைத் திருப்பலிக்கு வரும் மூதாட்டி, பல ஆண்டுகளுக்குப்பின் தயங்கித் தயங்கிக் கோவில் வாசலில் நிற்கும் இளைஞர், நேர்ச்சையை நோயினால் பாதியில் விட்டுவிட்டு மனம் கலங்குபவர். குறைந்தது 100 கி.மீ. நடந்தவருக்குத்தான் கொம்போஸ்தேலாவில் சான்றிதழ் தருவார்கள். இறைவனோ, பாதிவழியில் திரும்பியவரின் ஏக்கத்தையும் அறிவார்.

இவர்களுக்கு நாம் மணியடிக்கிறோமா? அம்புக்குறி வரைகிறோமா? அல்லது உள்ளே நின்று ஏளனம் செய்கிறோமா?

புனித சந்தியாகப்பரே, வழிநடக்கும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.