தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான சாலைப் பாதுகாப்புக் கல்வி: கடலூர், சிதம்பரம் பகுதி

சாலையில் நடப்பது, சாலையைக் கடப்பது, வாகனத்தில் ஏறி இறங்குவது, வாகனத்தில் பயணம் செய்வது ஆகியவற்றைப் பாதுகாப்பாகச் செய்யும் பழக்கத்தைக் கற்பிப்பதே சாலைப் பாதுகாப்புக் கல்வி. உலக அளவில் 5 முதல் 29 வயது வரையிலானோரின் இறப்புக்கு முதன்மைக் காரணம் சாலை விபத்துகளே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே இக்கல்வியை ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டியுள்ளது. அதை எப்படிக் கற்பிப்பது, சிறு குழந்தையிடம் எவ்வளவு எதிர்பார்ப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் சரியான விடை தெரிந்தால்தான் அது பயன் தரும்.

பகுதியின் சூழல்

கடலூர் முதுநகரிலிருந்து சிப்காட் தொழிற்பேட்டை, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. இதே திசையில் விழுப்புரம் - மயிலாடுதுறை ரயில் பாதையும் செல்கிறது. சிற்றூர்ச் சாலைகள் பல இந்த ரயில் பாதையைக் கடந்துதான் நெடுஞ்சாலையை அடைகின்றன.

பருவத்துக்குப் பருவம் ஆபத்தின் வடிவம் மாறுகிறது. கரும்பு வெட்டும் காலத்தில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் டிராக்டர்களில் கரும்புக் கட்டுகள் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். அறுவடைக் காலத்தில் காட்டுமன்னார்கோவில், புவனகிரி பக்கத்துச் சாலைகளில் நெல் காயும். வாகனங்கள் எஞ்சிய பாதியில் செல்லும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் சாலையோரப் பள்ளமும் சாக்கடையும் தண்ணீருக்குள் மறைந்துவிடும். சிதம்பரம் நடராசர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு தேர் வீதிகளில் ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் ஆகிய விழாக்களின்போது கூட்டம் பெருகும். நகரப் பாடநூலின் சிக்னல் விளக்குப் படம் மட்டும் இக்குழந்தைகளுக்குப் போதாது.

குழந்தையால் இயன்றதும் இயலாததும்

சுவீடன் நாட்டு உளவியலாளர் ஸ்டீனா சாண்டல்ஸ் 1960களில் சிறுவர்கள் போக்குவரத்தில் நடந்துகொள்ளும் விதத்தை ஆராய்ந்தார். சிறு குழந்தைகளைப் போக்குவரத்துக்கு ஏற்ப முழுமையாகப் பழக்கிவிட முடியாது, போக்குவரத்தைத்தான் குழந்தைகளுக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கண், தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் உள்ளது. நிறுத்திவைத்த காருக்குப் பின்னால் நிற்கும் குழந்தைக்குச் சாலை தெரியாது. ஓட்டுநருக்குக் குழந்தையும் தெரியாது. தான் வண்டியைப் பார்த்துவிட்டால் வண்டிக்காரரும் தன்னைப் பார்த்துவிட்டார் என்று குழந்தை நம்பிவிடுகிறது. வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது ஓரளவு புரிந்தாலும், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பது எளிதில் புரிவதில்லை. உருண்டோடும் பந்தோ அழைக்கும் குரலோ இருந்தால் மற்ற அனைத்தும் மறந்துவிடும்.

வேகம் பற்றிய ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. 7 மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலையை, வினாடிக்கு ஒரு மீட்டர் வீதம் நடக்கும் குழந்தை கடக்க 7 வினாடி ஆகும். அதற்குள் வண்டி 98 மீட்டர் வந்துவிடும். அதாவது, நூறு மீட்டருக்கு அப்பால் தெரியும் வண்டியே குழந்தைக்கு மிக அருகில் உள்ள வண்டிதான். நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் இக்கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

சாலையோரத்தில் கற்பித்தல்

விதிகளை மனப்பாடம் செய்த குழந்தை தேர்வில் சரியான விடை எழுதும். ஆனால் சாலையில் அப்படியே நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. இக்குறையைப் போக்க, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1990களில் 'கெர்ப்கிராஃப்ட்' என்ற பயிற்சி முறை உருவாக்கப்பட்டது. ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளை இரண்டு மூன்று பேராக, பயிற்சி பெற்ற பெற்றோர் ஒருவர் உண்மையான தெருவுக்கே அழைத்துச் செல்வார். கடப்பதற்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுப்பது, நிறுத்திய வண்டிகளுக்கு இடையே கடப்பது, சந்திப்புகளின் அருகே கடப்பது என்னும் மூன்று திறன்கள் பல வாரங்கள் பழக்கப்படும். விடையைப் பெரியவர் சொல்வதில்லை, "இங்கே கடக்கலாமா? ஏன்?" என்று கேட்டுக் குழந்தையைச் சிந்திக்க வைப்பார்.

செயல்வழிக் கற்றல் முறையைப் பல ஆண்டுகளாக அறிந்த தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. இதை வகுப்புவாரியாகப் பின்வருமாறு அமைக்கலாம்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்பு: வலம், இடம் அறிதல், பெரியவர் கையைப் பிடித்து நடத்தல், சாலை ஓரத்தில் நின்று வலப்புறம், இடப்புறம், மீண்டும் வலப்புறம் பார்த்தல். நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்வதால், ஓரத்தில் நிற்பவரை முதலில் நெருங்கும் வண்டி வலப்பக்கத்திலிருந்து வரும். வரிசைக்கான காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் குழந்தை மறக்காது.

மூன்றாம் வகுப்பு: நிற்கும் பேருந்து, லாரி ஆகியவற்றின் மறைவிலிருந்து சாலைக்குள் பாயாதிருத்தல், வேறு வழியில்லாதபோது வண்டியின் வெளி விளிம்பு வரை வந்து நின்று, எட்டிப் பார்த்துவிட்டுக் கடத்தல், வண்டியில் ஓட்டுநர் இருக்கிறாரா, இஞ்சின் ஓடுகிறதா என்று கவனித்தல்.

நான்காம், ஐந்தாம் வகுப்பு: வீட்டிலிருந்து பள்ளி வரையிலான வழியை வரைபடமாக வரைந்து வளைவு, சந்திப்பு, ரயில்வே கேட், மழைநீர் தேங்கும் இடம் ஆகியவற்றைக் குறித்தல்; இடைவெளியை மதிப்பிடுதல்; சைக்கிளின் பிரேக், மணி ஆகியவற்றைச் சோதித்தல்.

'இடது பக்கம் செல்' என்பது வாகனங்களுக்கான விதி என்பதையும் தெளிவுபடுத்த வேண்டும். நடைபாதை இல்லாத சாலையில் வலப்புற ஓரமாக நடப்பவருக்கு எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும். இடப்புறம் நடப்பவருக்கு அது முதுகுக்குப் பின்னால் வரும்.

பெரியவர்களின் பொறுப்பு

தமிழ்நாட்டைப் பாதித்த மூன்று விபத்துகள், கல்வியின் எல்லை எது என்பதைக் காட்டுகின்றன. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்பு மாணவி உயிரிழந்தார். அதன் பிறகு பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்பு மாணவர் இறந்தார். பள்ளி வாகனங்களின் முன்னும் பின்னும் கேமரா பொருத்த வேண்டும் என்ற திருத்தம் அதைத் தொடர்ந்து வந்தது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியதில் மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். இம்மூன்றிலும் குழந்தைகள் மீறிய விதி எதுவும் இல்லை.

விபத்து நடந்தபோது செம்மங்குப்பம் கேட் சிக்னலோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. இணைக்கப்பட்ட கேட்டில், கேட் மூடிப் பூட்டப்பட்ட பிறகே ரயிலுக்குப் பச்சை விளக்கு கிடைக்கும். இணைக்கப்படாத கேட்டில் நிலைய அதிகாரியும் கேட் கீப்பரும் தொலைபேசியில் பரிமாறிக்கொள்ளும் தகவலையே நம்ப வேண்டியிருக்கிறது. கேட் மூடப்படாமலேயே ரயில் வந்துவிடும் வாய்ப்பு அங்கு உண்டு. இவ்விபத்துக்குப் பின் ரயில்வே கேட்டுகளில் கேமரா பொருத்தவும், மேலும் பல கேட்டுகளைச் சிக்னலோடு இணைக்கவும் ரயில்வே அமைச்சகம் உத்தரவிட்டது.

ஆளில்லா ரயில் கடவில் வாகனத்தை நிறுத்தி, நடத்துநரோ உதவியாளரோ இறங்கிச் சென்று ரயில் வரவில்லை என்று உறுதி செய்த பிறகே கடக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆம் பிரிவு கூறுகிறது. அகலப் பாதையில் ஆளில்லாக் கடவுகள் 2019 ஜனவரியோடு அகற்றப்பட்டுவிட்டன. எனினும் அதே பழக்கத்தைப் பள்ளி வாகனங்கள் எல்லாக் கேட்டுகளிலும் பின்பற்றலாம். கேட் திறந்திருக்கிறது என்றால் ரயில் வராது என்று பொருளில்லை என்பதை மாணவர்களுக்கும் சொல்ல வேண்டும். கேட்டை நெருங்கும்போது ரயிலின் ஊதல் கேட்கும்படி வேனுக்குள் அமைதியாக இருப்பது, மூடிய கேட்டுக்கு அடியில் நுழையாதிருப்பது ஆகியவை அவர்களால் செய்யக்கூடியவை.

வீட்டிலும் பள்ளி வாசலிலும்

இருசக்கர வாகனத்தில் செல்லும் 4 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் தலைக்கவசம் கட்டாயம். 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் தேவை. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. காரில் செல்லும் 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு.

பள்ளி விடும் நேரத்தில் சாலையின் எதிர்ப்புறம் நின்றுகொண்டு குழந்தையைப் பெயர் சொல்லி அழைப்பது ஆபத்தான வழக்கம். அம்மாவையோ தாத்தாவையோ கண்டதும் குழந்தை வலமும் இடமும் பார்க்காமல் ஓடிவரும். அழைத்துச் செல்ல வருபவர் சாலையைக் கடந்து பள்ளி வாசலுக்கே வர வேண்டும். வேனிலிருந்து இறங்கிய குழந்தை, வேன் புறப்பட்டுச் சாலை இருபுறமும் தெளிவாகத் தெரியும் வரை ஓரத்திலேயே நிற்க வேண்டும். சிறு குழந்தையாக இருந்தால் உதவியாளர் கையைப் பிடித்துக் கடக்க வைக்க வேண்டும். பெற்றோர் கூட்டங்களில் இவ்விரண்டையும் பேசி முடிவு செய்ய எந்தச் செலவும் இல்லை.