கணுக்காலில் துப்பாக்கி: எந்தக் கால்? எந்தப் பக்கம்?

ஹாலிவுட் படங்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. காவல்துறை அதிகாரியின் துப்பாக்கி கைநழுவிப் போகும். அவர் சட்டெனக் குனிந்து கணுக்காலிலிருந்து இன்னொன்றை உருவுவார். 1971இல் வெளிவந்த 'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்தின் நாயகனும் அங்கேதான் துப்பாக்கி வைத்திருப்பார்.

இது வெறும் சினிமா இல்லை. அமெரிக்கக் காவல்துறை அதிகாரிகள் சிலர் இடுப்பில் ஒன்று, கணுக்காலில் சிறியதாக இன்னொன்று என வைத்திருக்கின்றனர். (சிங்கப்பூரில் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் சிறை, பிரம்படி. அந்தப் பேச்சுக்கே இடமில்லை.)

சரி, எந்தக் காலில்?

வலக்கைப் பழக்கம் உள்ளவர் பெரும்பாலும் இடது காலின் உட்பக்கத்தில் அணிவார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலக்கையை அங்கே கொண்டுபோய்ப் பாருங்க. எளிதாக எட்டும். வெளிப்பக்கத்தில் கட்டினால் கதவு, மேசைக்கால் என எல்லாவற்றிலும் இடிக்கும். காற்சட்டை புடைத்துக் காட்டிக்கொடுக்கும். உட்பக்கத்தை மறுகால் மறைத்துக்கொள்ளும்.

இன்னொரு காரணம், கார். சுற்றுக்காவல் அதிகாரிகள் மணிக்கணக்கில் காரில் இருப்பவர்கள். இருக்கை வார் குறுக்கே வருவதால் இடுப்புத் துப்பாக்கியை உருவுவது சிரமம். 'ஆட்டோ' கியர் காரில் வலது கால்தான் வேலை செய்யும். இடது கால் சும்மா இருக்கும்.

அப்படியென்றால் இடுப்பை விட்டுவிட்டு எல்லாரும் கணுக்காலுக்கே மாறலாமே?

முடியாது. நிற்கும்போது இடது காலை முன்வைத்து, வலது முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். ஒரு கை காற்சட்டையைத் தூக்க, மறுகை உருவ வேண்டும். ஓடிக்கொண்டிருந்தால் நின்றாக வேண்டும். ஒரு கையை யாராவது பிடித்துக்கொண்டால்? அங்கேதான் சிக்கல். அதனால்தான் அது இரண்டாவது துப்பாக்கிக்கான இடமாகவே இருக்கிறது.

எடையும் உண்டு. கணுக்காலுக்கு ஏற்றதாகக் கருதப்படும் ஸ்மித் அண்ட் வெஸன் 642 ரகம் ஐந்து தோட்டா மட்டுமே கொள்ளும். தோட்டா இல்லாமலே சுமார் 400 கிராம். நாள் முழுக்க ஒரே காலில் அதைச் சுமந்தால் நடையே மாறக்கூடும். உறை கீழே சரியாமலிருக்க, சிலர் கெண்டைக்காலில் கூடுதல் பட்டையும் கட்டுகின்றனர். ஒட்டிப்பிடிக்கும் ஜீன்ஸ் போடுபவர்கள் இதை மறந்துவிடலாம். தரைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தூசும் நூல்பிசிறும் சேரும். அடிக்கடி துடைக்காவிட்டால் தேவையான நேரத்தில் கோளாறு செய்யலாம்.

ஆனால் கைகலப்பில் மல்லாந்து விழுந்துவிட்டால் நிலைமையே வேறு. முதுகுக்கு அடியில் சிக்கிய இடுப்புத் துப்பாக்கி எட்டாமல் போகலாம். முழங்காலை மடக்கினால் போதும், கணுக்கால் தானாகக் கைக்கு வரும்.