வெட்கத்தை விரட்டும் பறை

முகையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விடியற்காலையில் பறைச் சத்தம் கேட்டால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி என்ன சொல்வாள்? "ஐயோ, யார் போயிட்டாங்க?" என்றுதான் கேட்பாள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கூட அதே கேள்விதான். பட்டணத்தில் குடியேறிய பிறகும், அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் குழந்தையை உள்ளே அழைத்து வாசற்கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு.

அந்தப் பறையைத்தான் இன்று கல்லூரிப் பெண்களும், கம்ப்யூட்டர் கம்பெனிகளில் உத்தியோகம் பார்க்கிறவர்களும் தேடிப் போய்க் கற்றுக்கொள்கிறார்கள்! சென்னையில் மணிமாறனின் புத்தர் கலைக்குழு பறை கற்றுக்கொடுக்கிறது. மதுரைச் சீமைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருதே கிடைத்தது. அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் தமிழ் விழா மேடைகளில் பறை முழக்குகிறார்கள். அப்படி அதில் என்னதான் இருக்கிறது?

வாத்தியம் என்னவோ எளிமையானதுதான். வளைந்த வேப்பமரத் துண்டுகளை இணைத்து வட்டமாக்கி, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டுகிறார்கள். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி. மறு கையில் மெல்லிய மூங்கில் சிண்டுக்குச்சி. வாசிக்குமுன் தீயில் காட்டினால் தோல் விறைத்து, 'கணீர்' என்று பேச ஆரம்பித்துவிடும்.

வீணை கற்கப் போனால் சரளி வரிசையிலேயே மாதங்கள் ஓடிவிடும். பறையிலோ, முதல் நாளே பத்துப் பேரோடு வரிசையில் நின்று ஓர் அடியை அடித்துப் பார்த்துவிடலாம். (கை தேர்வதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பது வேறு விஷயம்!) கை அடிக்கும்போது காலும் ஆட வேண்டும். பிசகினால் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். பத்துப் பேரின் அடியும் ஒன்றாக விழுகிற அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதற்காகத்தான் மறுநாளும் வருகிறார்கள்.

பெண்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. "மெல்ல நட, மெல்லப் பேசு" என்று கேட்டே வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? இங்கேயோ, "ஓங்கி அடி!" என்கிறார் ஆசிரியர். முதலில் கை கூசுகிறது. பிறகு கூச்சமே ஓடிப்போகிறது. திண்டுக்கல்லில் 1990-ல் சகோதரி சந்திரா என்ற கன்னியாஸ்திரீ தொடங்கிய சக்தி கலைக்குழு, ஒடுக்கப்பட்ட கிராமத்துப் பெண்களின் தோளில் பறையை மாட்டியது. ஆண்கள் மட்டுமே தொட்ட வாத்தியம் அது. அந்தப் பெண்கள் அதை மேடைக்கே கொண்டுவந்தார்கள்.

கடல் கடந்த ஜப்பானிலும் இதே கதைதான். 'டைகோ' என்ற பெருமுரசைக் கோவிலிலும் திருவிழாவிலும் வாசிப்பதே அங்கு வழக்கம். 1951-ல் டைஹாச்சி ஒகுச்சி என்ற ஜாஸ் வாத்தியக்காரர் பல முரசுகளைச் சேர்த்துக் குழுவாக முழக்கினார். 1960-களின் இறுதியில் அது அமெரிக்காவுக்குப் போயிற்று. யுத்த காலத்தில் முகாம்களில் அடைபட்ட ஜப்பானியக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அதைக் கையில் எடுத்தார்கள். 'ஜப்பானியப் பெண் என்றால் வாயே திறக்கமாட்டாள்' என்று நினைத்திருந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும்படி அந்தப் பெண்கள் முழக்கினார்கள்!

ஆனால், முரசுக்குத் தோல் பதனிட்டவர்களை ஜப்பானியர்களும் ஒதுக்கித்தான் வைத்திருந்தார்கள். ஒஸாகா நகரில் அந்த வகுப்பைச் சேர்ந்த இளைஞர்கள், "நாங்கள் செய்த முரசை நாங்களே ஏன் வாசிக்கக்கூடாது?" என்று 1987-ல் ஒரு குழு தொடங்கினார்கள். அதன் பெயர் 'இகாரி'. ஆத்திரம் என்று பொருள்.

நமக்கு இது புதிதா, சொல்லுங்கள்? கோவில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்த நந்தனார் வெளியே நின்றுதானே கும்பிட்டார்? மார்கழி தோறும் ஆண்டாளின் தோழியரோடு நாமும் கண்ணனிடம் பறை கேட்கிறோம். பெரியோர்கள் அதற்கு உட்பொருள் சொல்வார்கள். ஆனாலும் சொல் பறைதானே? பறை அடித்தவர்களை மட்டும் ஊருக்கு வெளியே நிறுத்தினோம்.

பிறர் வீட்டுச் சாவுக்குக் கட்டாயமாக அடிக்க வேண்டியிருந்ததால், "இனி பறையைத் தொடமாட்டோம்" என்று உதறியவர்கள் பல கிராமங்களில் உண்டு. அவர்களுக்கு மானம் அதில் இருந்தது. இன்று அதே வகுப்புப் பெண் ஒருத்தி, தானே விரும்பிப் பறையை மாட்டிக்கொள்கிறாள் என்றால், அதுவும் மானம்தான். பொழுதுபோக்குக்காகச் சேர்ந்த பட்டணத்துப் பெண் அவள் பக்கத்தில் நின்று அடிக்கும்போது, சந்தோஷம் இருவருக்கும் பொது. அந்தப் பறை சுமந்துவந்த பாரம் மட்டும் ஒருத்தியுடையது. இதை மற்றவள் தெரிந்துகொண்டு அடித்தால், அதுவே பாதிப் பாரத்தை இறக்கிவைத்தது போல.

அடுத்த முறை தெருவில் பறைச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தாதீர்கள், சகோதரிகளே. குழந்தையையும் அழைத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். "யார் போயிட்டாங்க?" என்று கேட்க வேண்டாம். "யார் வாசிக்கிறாங்க?" என்று கேளுங்கள்.