பெயர் வேறு, மருந்து ஒன்று

சென்னையில் விமானமேறி, இடையில் வேறொன்றுக்கு மாறி, பெர்லின் நகரின் விமான நிலையம் அமைந்திருக்கும் ஷோனெஃபெல்டில் வந்து இறங்கும் நம் மாணவரின் பெட்டியில், தாயார் கட்டிக் கொடுத்த ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் நடுவே, டோலோ 650 அட்டை ஒன்றும் அநேகமாக இருக்கும். குளிர் தேசத்தில் ஜுரம் கண்டால் அதை விழுங்குவதில் தவறொன்றுமில்லை. அது போதாதென்று, அறைச் சிநேகிதர் கொடுக்கும் உள்ளூர் மருந்தையும் விவரம் பார்க்காமல் சேர்த்துக்கொள்வதிலேதான் அபாயம் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள்

நம் நாட்டில் டோலோ, குரோசின் என்றும், ஜெர்மனியில் பென்-உ-ரோன் என்றும் வழங்குவது பாராசிட்டமால் என்னும் ஒரே ஔஷதம். ஜலதோஷத்துக்கென்று அங்கே விற்கும் கிரிப்போஸ்டாட் சி கேப்ஸ்யூல் ஒவ்வொன்றிலும் அது 200 மில்லிகிராம் உண்டு. இரவில் குடிக்கும் விக் மெடிநைட் பானத்தில், ஒரு வேளைக்குரிய 30 மில்லிலிட்டரில், 600 மில்லிகிராம் உண்டு. நாள் ஒன்றுக்கு டோலோ நான்கும், கிரிப்போஸ்டாட் ஆறும், படுக்கும்போது அந்தப் பானமும் சாப்பிட்டவர், தனித்தனியே எந்த மருந்திலும் அளவு மீறாதவராயிருந்தும், 4400 மில்லிகிராம் உட்கொண்டுவிடுகிறார். திடகாத்திரமான பெரியவருக்கே உச்ச வரம்பு 4000தான். மது அருந்துவோர்க்கும், கல்லீரல் நலிந்தோர்க்கும், உடல் எடை குறைந்தோர்க்கும் அவ்வளவும் ஆகாது. குழந்தைகளுக்கோ எடையைப் பார்த்தே அளவு.

மிகையான பாராசிட்டமால் கல்லீரலில் விஷப்பொருளாக மாறுகிறது. முதல் நாள் குமட்டலோடு நின்றுவிடலாம், அதுவும் இல்லாமலிருக்கலாம். சேதம் வெளிப்பட இரண்டு மூன்று நாளாகும். மாற்று மருந்தாகிய அசிட்டில்சிஸ்டீனோ எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பூரண பலன் தரும்.

கடைக்காரரின் கண்டிப்பு

சிவப்பு ‘ஏ’ எழுத்துப் பலகை மாட்டிய மருந்துக்கடையில் அன்றி, மளிகைக் கடையில் பாராசிட்டமால் மாத்திரை அங்கே கிடைக்காது. மொத்தம் 10 கிராமுக்கு மேற்பட்ட பெட்டிக்கு 2009 முதல் வைத்தியரின் சீட்டும் வேண்டும். பதினைந்து மாத்திரை கொண்ட நம் டோலோ அட்டையே ஏறக்குறைய அந்த எல்லையைத் தொடுகிறது என்பதை எண்ணினால், நம்மவர் சலித்துக்கொள்ளும் இக்கண்டிப்பு எவ்வளவு நியாயமானது என்பது விளங்கும்.

ஊரிலிருந்து உடன் வந்த ஜுரம்

ஊரை விட்டுக் கிளம்பிய இரண்டு வாரத்துக்குள் ஜுரம் வந்தால், அது டெங்குவாகவும் இருக்கக்கூடும். அந்தச் சந்தேகம் தீரும்வரை, அங்கே வீட்டுக்கு வீடு புழங்கும் இபுப்ரோஃபெனையும் ஆஸ்பிரினையும் தொடவேண்டாம். அவை இரத்தக்கசிவை அதிகப்படுத்துபவை. எங்கிருந்து வந்தீர்கள் என்பதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்று நாளில் ஜுரம் தணியாவிட்டால், வைத்தியரின் கிளினிக் மூடிய வேளையிலும் 116117 என்ற எண்ணில் வைத்திய உதவி கிடைக்கும். அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், உடம்பு நன்றாயிருப்பதாகத் தோன்றினாலும் காத்திராமல், பெர்லின் விஷமுறிவு ஆலோசனை நிலையத்தை 030 19240 என்ற எண்ணில் அழையுங்கள், இரவிலும் பேசுவார்கள்.