இரவுப் பால்புட்டி

நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஐ.எம். ஆர் என்பவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933-இல் லான்செட் இதழில் எழுதினார். அங்கே பெரியவர்களின் வாயைப் பார்த்தார்கள். பிள்ளைகள் வாயையும் கொஞ்சம் பார்ப்போமா?

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா இனிப்பைத் தின்று அமிலம் கக்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, கால்சியம் தந்து பல்லைத் தேற்றும். ஆனால் தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும். பால்புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைக்கு மேல்முன்பற்கள்தான் முதலில் சொத்தையாகும். கீழ்ப்பற்கள் பெரும்பாலும் தப்பிவிடும். நாக்கும் அதனடியில் ஊறும் உமிழ்நீரும் அவற்றுக்குக் காவல். பாலில் சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டாலும் பாக்டீரியாவுக்கு விருந்துதான்! மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் சுண்ணாம்பு வெள்ளையில் கோடு தெரிந்தால், குழி விழுமுன் பல் டாக்டரிடம் காட்டுங்கள். ஃப்ளோரைடு பூசியே சொத்தையைப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம்.